முதல்நூலும் மூலநிரலும்

கற்ற கலையைப் பிறர்க்கு வழங்குவதா, தம்மோடு வைத்துக்கொள்வதா என்னும் வினா மிகப் பழமையானது. கைவினைஞர், மருத்துவர், புலவர் என எத்துறையினரும் என்றேனும் ஒருநாள் இவ்வினாவை எதிர்கொண்டே தீர்வர். நம் காலத்தில் இது கணிப்பொறித் துறையில் கூர்மையாக எழுந்துள்ளது. அதிலும், ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் சதுரங்கம் ஆடும் நிரல்களை எழுதும் ஆர்வலர்களிடையே இது நெடுங்காலமாக வாதத்துக்கு உரியதாக இருந்து வருகின்றது. தாம் எழுதியதை உலகறிய வெளியிடுவோரும் அவர்களுள் உளர்; இறுதிவரை எவர்க்கும் காட்டாது வைத்திருப்போரும் உளர். இவ்விரு சாராருள் அறத்தின்பால் நிற்பவர் எவர்?

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் வினவலாம். ஆக்கியோன் யார், முதல்நூல் எது, வழிநூல் எது, எவர் எவரிடமிருந்து எடுத்தாண்டார் என்னும் ஆராய்ச்சி தமிழாசிரியர்க்குப் புதிதன்று. நமக்குப் பழகிய அந்த நோக்கில் இச்செய்தியை அணுகினால் தெளிவு பிறக்கும் என்று நம்புகிறோம்.

ஒரு பழைய புதிர்

சதுரங்க வரலாற்றில் மறைத்தலின் விளைவைக் காட்டும் செய்தி ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் அப்பாஸியக் கலீஃபாக்களின் அவையில் விளங்கிய அஸ்-ஸூலி, அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர். சதுரங்கம் பற்றி நூல்களும் எழுதியவர். அவர் ஒரு புதிரை விட்டுச் சென்றார். தாம் கற்பித்தவர்களையன்றி உலகில் வேறெவரும் இதனை விடுவிக்க இயலாது என்னும் கருத்துப்படக் குறித்தாரேயன்றி, விடையை எழுதி வைத்தாரில்லை. கற்றவர்கள் மறைந்தார்கள், அவர்களோடு விடையும் மறைந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், 1980களில், சோவியத் நாட்டுக் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதனை விடுவித்தார். எழுதிவைத்த நூல்களின் பயன் பின்னோரைச் சென்றடைய, மனத்தில் மட்டும் வைத்திருந்த விடையைப் பத்து நூற்றாண்டுகள் தேட வேண்டியதாயிற்று.

நிரல் ஆடும் முறை

கணிப்பொறி எவ்வாறு சதுரங்கம் ஆடுகின்றது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 1950ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறைக்கு அடித்தளமிட்டது. ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்வுகள் இயலுமெனக் கொண்டால், நம் நகர்வும் எதிரியின் மறுமொழியும் சேர்ந்து 900 வழிகள் ஆகின்றன. இவ்வாறு கிளைத்துச் செல்லும் மரத்தில் நெடுந்தொலைவு முன்னோக்கிப் பார்ப்பது நிரலின் முதற்பணி. சென்றடைந்த நிலை நமக்கு நன்மையா தீமையா என்று எண்ணால் மதிப்பிடுவது இரண்டாம் பணி. பயனற்ற கிளைகளை வெட்டி விலக்குவதிலும், மதிப்பீட்டைச் செம்மையாக்குவதிலும் நிரலாளரின் திறமை வெளிப்படுகின்றது.

நிரலாளர் எழுதுவது மூலநிரல். அதனை மனிதர் படிக்கலாம், திருத்தலாம். பொறிக்கென மாற்றப்பட்ட இயங்குநிரலை ஓட்டலாமேயன்றி எளிதில் படித்தறிய இயலாது. இயங்குநிரலை மட்டும் கொடுப்பது, சமைத்த உணவைப் பரிமாறிவிட்டுச் செய்முறையை மறைப்பது போன்றது. நாம் பேசும் வழக்கு முழுவதும் இந்தச் செய்முறையைப் பற்றியதே.

மறைப்போர் தரப்பு நியாயம்

மூலநிரலை வெளியிடாதவர்களைக் கருமிகள் என்று கூறிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. அவர்கள் தரப்பிலும் நியாயங்கள் உள.

முதலாவது, வாழ்க்கைத் தேவை. 1976இல் கனடாவைச் சேர்ந்த பீட்டர் ஜென்னிங்ஸ், ஏறத்தாழ ஒரு கிலோபைட் நினைவகத்துள் அடங்கும் 'மைக்ரோசெஸ்' என்னும் நிரலை எழுதி 10 டாலர் விலைக்கு விற்றார். வீட்டுக் கணிப்பொறிக்கென விற்பனையான விளையாட்டுகளுள் அது முன்னோடி. பொழுதுபோக்காகத் தொடங்கியது தொழிலாக மாறியது. பின்னர் பலரும் அவ்வழியில் சென்றனர். உழைப்பின் பயனைக் கூலியாகப் பெறுவதைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை.

இரண்டாவது, போட்டியின் இயல்பு. களத்தில் இறங்கப்போகும் மல்லன் தன் பிடிகளை முன்கூட்டியே பறைசாற்றுவதில்லை. நிரல்கள் தம்முள் மோதும் போட்டிகளிலும் அவ்வாறே. வெளியிட்ட நிரலைச் சிறிது மாற்றி மற்றொருவர் களமிறக்கினால், ஆக்கியோன் தன் படைப்பின் சாயலோடு தானே போரிட நேரும்.

மூன்றாவது, கூச்சம். இதனை வெளிப்படையாகக் கூறுவோர் குறைவு. பகலெல்லாம் வேறு பணியாற்றி, இரவில் சில மணி நேரம் எழுதிய நிரலில் ஒட்டும் வெட்டும் மிகுதியாக இருக்கும். திருத்தம் பெறாத கையெழுத்துப் படியைப் பிறர்க்குக் காட்ட எந்த எழுத்தாளர் விரும்புவார்?

நான்காவது காரணத்தை நாம் மிகவும் மதிக்கின்றோம். அது தனித்தன்மை. சிறந்த நிரல் ஒன்று திறந்து கிடக்கும்போது, அதனையே எடுத்துச் சிறு மாற்றங்கள் செய்து புதிய பெயர் சூட்டுவது எளிது. அவ்வாறு எல்லாரும் செய்தால் நூறு நிரல்கள் இருந்தும் ஒரே சிந்தனையே எஞ்சும். பிறர் நிரலைப் பார்ப்பதுமில்லை, தம் நிரலைக் காட்டுவதுமில்லை என்னும் உறுதியோடு முதல் வரியிலிருந்து தாமே எழுதுவோர் இன்றும் உளர். பரிசு பெற இயலாது என்று தெரிந்தும் அவர்கள் எழுதுகின்றனர். தம் கையால் ஆக்கிய ஒன்று தம் கண்முன் ஆடுவதைக் காணும் இன்பமே அவர்கள் பெறும் கூலி. அத்தகையோரைப் பழிப்பது தகாது.

வழங்குவோர் தரப்பு நன்மை

இனி மறுபக்கம் நோக்குவோம். 1978இல் 'சார்கான்' என்னும் நிரலை எழுதிய அமெரிக்கத் தம்பதியர் டான் ஸ்ப்ராக்லன், கேத்லீன் ஸ்ப்ராக்லன் ஆகியோர், அதன் மூலநிரலை நூலாகவே அச்சிட்டு வெளியிட்டனர். அதனால் அவர்கள் கெட்டுவிடவில்லை. அதன் பின்னரும் பல்லாண்டுகள் இத்துறையில் புகழோடு விளங்கினர்.

அலபாமாப் பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்துப் பேராசிரியர் ராபர்ட் ஹயாட், 1983, 1986 ஆகிய ஆண்டுகளில் உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் பட்டம் வென்ற 'கிரே பிளிட்ஸ்' குழுவைச் சேர்ந்தவர். பின்னர் 1990களில் அவர் எழுதிய 'கிராஃப்டி' நிரலை மூலத்தோடு அனைவர்க்கும் வழங்கினார். படிக்கலாம், கற்கலாம்; தம் இசைவின்றி அதனையே போட்டியில் இறக்கலாகாது என்பது அவர் விதித்த வரம்பு. ஒரு தலைமுறை நிரலாளர்க்கு அது பாடநூலாயிற்று. டாம் கெரிகன் என்பவர், வலிமைக்காகவன்றித் தொடக்க நிலையினர் படித்தறிவதற்கென்றே ஒரு சிறு நிரலை எழுதி வெளியிட்டார். அரிச்சுவடி எழுதுவதும் புலமையின் கடமை என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. 'ஷ்ரெடர்' என்னும் நிரலை விற்பனை செய்த ஜெர்மானியர் ஸ்டெஃபான் மேயர்-காலன் தம் மூலநிரலை வெளியிடவில்லை. ஆயினும், ஆடும் நிரலும் காட்சிப் பலகையும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது நெறிமுறை ஒன்றை ருடால்ஃப் ஹூபர் என்பவரோடு வகுத்து, 2000ஆம் ஆண்டு அனைவர்க்கும் இலவசமாக வழங்கினார். இன்று உலகின் பெரும்பான்மையான சதுரங்க நிரல்கள் அந்த நெறிமுறையைப் பின்பற்றுகின்றன. தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவர், ஊரார் நடக்கத் தெருவை அமைத்துக் கொடுத்தார். இதுவும் ஈகையே.

பகிர்வதற்கு இத்துறையில் மற்றொரு வலுவான காரணமும் உண்டு. நிரலில் ஒரு வரியை மாற்றினால் ஆட்டம் சிறந்ததா, தாழ்ந்ததா என்பதை அறிய ஆயிரக்கணக்கான ஆட்டங்களை ஆடிப் பார்த்தல் வேண்டும். ஒரு வீட்டுக் கணிப்பொறியால் இது எளிதில் இயலாது. 'ஸ்டாக்ஃபிஷ்' என்னும் நிரலின் வரலாறு இதற்குச் சான்று. நார்வே நாட்டு டோர்ட் ரோம்ஸ்டாட் தம் 'கிளாவ்ருங்' நிரலைத் திறந்த நிரலாக வெளியிட்டிருந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு இத்தாலியர் மார்க்கோ கொஸ்டால்பா 2008இல் ஸ்டாக்ஃபிஷைத் தொடங்கினார். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைக்கப்படும் உலர்மீனின் பெயரையே அதற்குச் சூட்டினர்; பெயரிலேயே வழி விளங்குகின்றது! பின்லாந்து நாட்டு யோனா கீஸ்கியும் உடனுழைத்தார். 2013இல் கேரி லின்ஸ்காட், தன்னார்வலர்கள் தத்தம் கணிப்பொறியின் ஓய்வு நேரத்தைச் சோதனைக்கு வழங்கும் அமைப்பினை உருவாக்கினார். திறந்த நிரலாக இருந்தமையால் முன்பின் அறியாத பலர் தம் பொறிகளையும் மின்சாரத்தையும் ஈந்தனர். பூட்டிய நிரலுக்கு இத்தகைய உதவி கிடைத்திருக்குமா?

அறிவு எல்லை கடந்து பாய்வதற்கும் இதில் சான்றுண்டு. ஜப்பானியச் சதுரங்கமாகிய ஷோகிக்கென யூ நாசு என்பவர் 2018இல் ஒரு புதிய மதிப்பீட்டு முறையை வகுத்தார். அதனை மற்றொரு ஜப்பானியரான ஹிசயோரி நோடா ஸ்டாக்ஃபிஷுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். 2020 செப்டம்பரில் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12ஆம் பதிப்பில் அது இடம்பெற்று, நிரலின் வலிமையைப் பெரிதும் உயர்த்தியது. ஒரு நாட்டு ஆட்டத்துக்கென எழுதியது மற்றோர் ஆட்டத்துக்கு உரமாயிற்று.

நிரலை மறைத்தாலும் கருத்தை வெளியிட்டாலே பெரும்பயன் விளையும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம், தனக்குத்தானே ஆடிக் கற்ற 'ஆல்ஃபாஸீரோ' நிரலை அறிவித்தது. ஸ்டாக்ஃபிஷின் 8ஆம் பதிப்போடு 100 ஆட்டங்கள் ஆடி, 28 வென்று, எஞ்சிய 72ஐச் சமன் செய்ததாகக் கூறியது. மூலநிரலை அந்நிறுவனம் வெளியிடவில்லை. முறையை மட்டும் கட்டுரையாக வெளியிட்டது. அக்கட்டுரையைப் படித்த ஆர்வலர்கள் 2018இல் 'லீலா' என்னும் திறந்த நிரலைத் தாமே உருவாக்கிவிட்டனர். காலப்போக்கில் லீலா ஆடித் திரட்டிய தரவுகள், அதன் போட்டியாளனாகிய ஸ்டாக்ஃபிஷைப் பயிற்றவும் பயன்பட்டன.

எழுதி வைப்பதன் சிறப்புக்கு ஆலன் டூரிங் மற்றொரு சான்று. அவரும் டேவிட் சாம்பர்னௌனும் 1948 அளவில் ஒரு சதுரங்க நிரலை வகுத்தனர். அதனை இயக்கவல்ல பொறி அன்று இல்லை. 1952இல் டூரிங் தாமே தாளில் கணக்கிட்டு, அலிக் கிளெனி என்பவரோடு அதனை ஆடவைத்தார், நிரல் தோற்றது. ஆயினும் அதன் விதிகளை அவர் எழுதி வெளியிட்டிருந்தமையால், 2012இல் மான்செஸ்டரில் அது மீண்டும் உயிர்பெற்றுக் காஸ்பரோவோடு ஆடிற்று. அப்போதும் தோற்றது, அது வேறு செய்தி.

வழக்காக வெடித்த பூசல்

இவ்வாறு இரு தரப்பிலும் நியாயம் இருக்கையில் பூசல் எங்கே பிறக்கின்றது? இரு நிகழ்ச்சிகள் இதனை விளக்கும்.

பிரெஞ்சு நிரலாளர் ஃபாபியான் லெதூசே 2004இல் 'ஃப்ரூட்' என்னும் நிரலை வெளியிட்டார். 2005இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நடந்த உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் அது இரண்டாமிடம் பெற்றது. அதன் 2.1 பதிப்பின் மூலநிரலைப் பொது உரிமத்தின்கீழ் அனைவர்க்கும் வழங்கினார். அவ்வாண்டின் இறுதியில் வாசிக் ராஜ்லிக் என்பவரின் 'ரிப்கா' வெளிவந்து, 2007 முதல் 2010 வரை நான்கு முறை உலகப் பட்டத்தை வென்றது. 2011இல் பன்னாட்டுக் கணிப்பொறி விளையாட்டுச் சங்கம் விசாரணை நடத்தி, ரிப்காவில் கிராஃப்டி, ஃப்ரூட் ஆகியவற்றிலிருந்து எடுத்த பகுதிகள் அறிவிப்பின்றி உள்ளன என்று முடிவுகட்டிப் பட்டங்களைப் பறித்தது. ராஜ்லிக் அக்குற்றச்சாட்டை மறுத்தார். வாழ்நாள் தடை விதித்த முறை குறித்து 2015இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் நெறிமுறைக் குழு அச்சங்கத்தையே எச்சரித்தது. ஆகவே இவ்வழக்கு இருபுறமும் வடுவை விட்டுச் சென்றது.

இரண்டாவது, ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனத்தைப் பற்றியது. அந்நிறுவனம் 2021இல் 'ஃபேட் ஃப்ரிட்ஸ் 2' என்னும் நிரலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இது சிறிதே மாற்றிய ஸ்டாக்ஃபிஷ் என்றும், பொது உரிமத்தின் நிபந்தனைகள் மீறப்பட்டன என்றும் ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஜெர்மானிய நீதிமன்றத்தை நாடினர். 2022 நவம்பரில் இருசாராரும் உடன்பாடு கண்டனர். அந்நிரலின் விற்பனை நின்றது.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. செஸ்பேஸ் விலைக்கு விற்றது குற்றமென்று எவரும் கூறவில்லை. பொது உரிமம் விற்பனையைத் தடுப்பதில்லை. மாற்றிய நிரலைத் தம் வீட்டில், தாமே வைத்துப் பயன்படுத்துவதையும் அது தடுப்பதில்லை. பிறர்க்குக் கொடுக்கும்போது மட்டும், மூலநிரலையும் கொடு, எங்கிருந்து பெற்றாய் என்பதையும் கூறு, நீ பெற்ற உரிமையைப் பெறுபவர்க்கும் வழங்கு என்று கேட்கின்றது. பகிர்தலை இத்துணை வலியுறுத்தும் உரிமமே, தனியே வைத்துக்கொள்ளும் உரிமையை மறுக்கவில்லை என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

பாயிரம் கூறும் நெறி

நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுத்தார். அவர் வழிநூலை இழிவாகக் கருதினாரில்லை. முன்னோர் நூலின் முடிவை ஏற்றுப் பின்னோன் வேண்டும் வேறுபாடு செய்வது முறையான புலமைப்பணியே. ஆனால் சிறப்புப் பாயிரம் கூறவேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி' என்பதையும் வைத்தார். இந்நூல் எதன் வழியாக வந்தது என்பதை நூலின் வாயிலிலேயே கூறிவிட வேண்டும். வழியைக் கூறினால் அது வழிநூல். வழியை மறைத்து முதல்நூல் என்று பெயர் சூட்டிக்கொண்டால் அது களவு. பொது உரிமம் சட்டமொழியில் கேட்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம் இலக்கணம் புலமை மரபாகக் கேட்டுவிட்டது.

இந்நெறியைக் கொண்டு நோக்கினால் நம் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. தான் ஆக்கியதை வெளியிடாதவன் எவர்க்கும் தீங்கிழைத்தவன் ஆகான். அவன் பிறர்க்கு ஒரு நன்மையைச் செய்யவில்லை, அவ்வளவே. வெளியிட்டவன் நன்மை செய்தவன். பிறர் ஆக்கியதைப் பெற்றுக்கொண்டு, பெற்ற செய்தியை மறைப்பவனே தீங்கிழைத்தவன். அவனால் விளையும் கேடு அவனோடு நிற்பதில்லை. களவு பெருகும் இடத்தில் கொடையாளி கதவை அடைக்கின்றான். ஆர்வலர் பலர் தம் நிரலைப் பூட்டிக்கொள்வதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். ஆகவே, மறைப்போரைக் கொடுக்குமாறு வற்புறுத்துவதைக் காட்டிலும், பெறுவோரை ஒப்புக்கொள்ளப் பழக்குவதே பகிர்தலை வளர்க்கும் வழி என்பது நம் துணிபு.

நம் மாணவர்க்கு

சதுரங்கம் நமக்கு அயலான செய்தியன்று. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. 2024இல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் உலக வாகையர் ஆனார். இன்று நம் ஊர்ச் சிறுவனும் தன் கைப்பேசியில் ஸ்டாக்ஃபிஷைக் கொண்டு ஆட்டத்தை ஆராயலாம். காசு கொடாமல் அவன் பெறும் அவ்வுதவிக்குப் பின்னே எத்தனையோ பேரின் இரவு நேர உழைப்பு இருக்கின்றது.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறி பயில்வோர் செயல்திட்டம் எழுதும்போதும், தமிழ் பயில்வோர் ஆய்வேடு எழுதும்போதும், பிறர் எழுதியதை எடுத்தாள நேர்வது இயல்பு. எடுத்தாள அஞ்சவேண்டா; எடுத்ததைக் கூறாதிருக்க அஞ்சுங்கள். ஒவ்வோர் ஏட்டின் முகப்பிலும் 'இவற்றை இவரிடமிருந்து பெற்றேன். இது என்னுடையது' என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கும் வழக்கத்தை நம் கல்லூரியில் எல்லாத் துறைகளிலும் ஏற்படுத்தலாம். பக்கத்தின் முதற்பகுதி நீண்டு, பிற்பகுதி இரண்டு வரியாக இருப்பினும் இழுக்கில்லை. அந்த இரண்டு வரி உண்மையாக உங்களுடையதாக இருக்கும்.

ஆசிரியர்கள் மதிப்பெண் இடும்போதும், சமுதாயப் பெரியோர்கள் பரிசு வழங்கும்போதும், பளபளப்பான பெரிய படைப்பைக் காட்டிலும் வழியை நேர்மையாகக் கூறிய சிறிய படைப்பினை உயர்த்திப் பிடித்தல் வேண்டும். நம் மாணவர் ஒருவர் தாமே எழுதிய நிரலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பினால் அதனையும் மதிப்போம். அவர் என்றேனும் ஒருநாள் மனமுவந்து வெளியிடுவார். அன்று அதனை எடுப்பவர் அவர் பெயரைச் சொல்லி எடுப்பார் என்னும் நம்பிக்கையை அவர்க்கு ஊட்டுவது நம் பொறுப்பாகும்.